குட்டிக்குக் கடிகாரம் யார்?

ஒரு வீட்டிற்குள் நாய்க்குட்டி நுழையும் நாள் அவ்வீட்டிற்குத் திருவிழா நாள். பிள்ளைகள் பள்ளிப் பையைத் திண்ணையில் எறிந்துவிட்டு ஓடி வருகிறார்கள். "வேண்டாம் என்று எத்தனை முறை சொன்னேன்!" என்று முணுமுணுத்துக்கொண்டே தாய் ஒரு கிண்ணத்தில் பால் ஊற்றுகிறாள். என்ன பெயர் இடுவது என்பது குறித்து இரவு உணவு வரையில் விவாதம் நடைபெறுகிறது. மூன்று வாரங்கள் கழித்து அதே வீட்டிற்குச் சென்று பாருங்கள். "இந்தச் சனியனை யார் இங்கே கொண்டுவந்தது?" என்று தந்தை உறுமுகிறார். தாய் துடைப்பத்துடன் நிற்கிறாள். பிள்ளைகள் வாய் திறவாது ஒதுங்கி நிற்கின்றனர். குட்டியோ கட்டிலுக்கு அடியில் நடுங்கிக்கொண்டிருக்கிறது.

இடையில் நடந்தது யாது? நடுக்கூடத்தில் சிறுநீர், பாயின் ஓரத்தில் மலம், விடியற்காலையில் அதை மிதித்த ஒருவரின் கோபம். இவ்வளவே. இந்தச் சிறு காரணத்திற்காக எத்தனையோ குட்டிகள் சாக்கில் கட்டப்பட்டுச் சந்தையிலும் சாலையோரத்திலும் விடப்படுகின்றன. தாயையும் இழந்து, வீட்டையும் இழந்த அவற்றிற்குப் பசியும் வாகனச் சக்கரங்களுமே காத்திருக்கின்றன. இக்கொடுமை தவிர்க்கக்கூடியது என்பதை நான் தாமதமாகவே கற்றுக்கொண்டேன். எனக்குக் கற்பித்தவர்கள் மூவர்: ஒரு சிறுமி, ஒரு கால்நடை மருத்துவர், ஒரு முதியவர்.

கூடையில் வந்த விருந்தாளி

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு சனிக்கிழமை மாலை. மறுநாள் மறையுரைக்கான குறிப்புகளை எழுதிக்கொண்டிருந்தேன். பங்கு இல்லத்தின் படியில், பத்து வயதுச் சிறுமி ஒருத்தி மூடிய கூடையொன்றைத் தாங்கியவாறு நின்றாள். அழுது அழுது அவள் கண்கள் சிவந்திருந்தன.

"என்னம்மா, கூடையில் என்ன?" என்றேன்.

"மணி, சாமி."

மூடியைத் திறந்தாள். செம்பழுப்பு நிறமும், நெற்றியில் வெள்ளைக் கோடும் கொண்ட நாட்டு நாய்க்குட்டி ஒன்று தலையை நீட்டிற்று.

"திங்கட்கிழமை அப்பா இதைச் சந்தையில கொண்டுபோய் விடப் போறாங்களாம், சாமி. நீங்க வச்சுக்கிடுங்க. நான் தினமும் வந்து பார்த்துக்கிடுறேன்."

விசாரித்தேன். தந்தை ஆலைத் தொழிலாளி. வாரந்தோறும் ஷிப்டு மாறும். தாய் வீட்டில் தையல் தைப்பவர். பொறி முன் அமர்ந்தால் எழ நேரமில்லாதவர். அவளும் தம்பியும் காலையிலேயே பள்ளிக்குச் சென்றுவிடுவர். திண்ணையில் தாத்தா ஒருவர் இருக்கிறார். "அவுகளால ஒண்ணும் முடியாது சாமி" என்றாள். வீட்டார் சொல்லிச் சொல்லிப் பிள்ளையும் அதையே சொன்னாள். குட்டியைத் தாயிடமிருந்து பிரித்தபோது அதற்கு ஐந்து வாரமே ஆகியிருந்தது. இரவு வேலை முடிந்து வீடு திரும்பிய தந்தை இருட்டில் அசுத்தத்தை மிதித்திருக்கிறார். ஒரு முறையன்று, மூன்று முறை. அவர் கொடியவர் அல்லர், களைத்தவர்.

குட்டியை வாங்கிக்கொண்டேன். இரக்கத்தினால் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். அழுகின்ற குழந்தைக்கு வேறு விடை சொல்லத் தெரியவில்லை என்பதே உண்மை.

நான் செய்த தவறுகள்

முதல் வாரம் முழுவதும் நான் அந்தத் தந்தையைவிட எவ்வகையிலும் மேம்பட்டவனாக நடந்துகொள்ளவில்லை. குட்டி குரல் கொடுத்தபோதெல்லாம் பசும்பால் வைத்தோம். பீடச் சிறுவர்கள் வந்தால் பிஸ்கட்டுப் போட்டார்கள். குசினிக்காரர் மீந்துபோன சாம்பார்ச் சோற்றைப் போட்டார். ஒரே நாளில் ஐந்தாறு முறை வயிற்றுப்போக்கு ஏற்பட்டது. ஞானஸ்நானப் பதிவேடுகள் வைத்துள்ள அலமாரியின் அடியிலும், சக்கிறீஸ்தின் வாசற்படியிலும் குட்டி தன் பதிவுகளை இட்டுச் சென்றது.

நாளிதழைச் சுருட்டி அதன் முதுகில் அடித்தேன். பிறர் சொல்லக் கேட்டிருந்தபடி, அதன் மூக்கை அசுத்தத்தின் அருகே அழுத்தித் தேய்த்தேன். நான்காம் நாள், என் செருப்பின் ஓசையைக் கேட்டவுடனே குட்டி நின்ற இடத்திலேயே சிறுநீர் கழித்தது. அதைப் பிடிவாதம் என்று எண்ணினேன். குசினிக்காரரோ, "சாமி, ஒண்ணு அது இங்க இருக்கணும், இல்லேன்னா நான் இருக்கணும்" என்று இறுதி அறிவிப்பு விடுத்துவிட்டார். எட்டாம் நாள் குட்டியைத் தூக்கிக்கொண்டு கால்நடை மருந்தகத்திற்குச் சென்றேன்.

மருத்துவர் பொறுமையாகக் குட்டியைச் சோதித்தார். பின்பு என்னைச் சோதித்தார்.

"ஒரு நாளைக்கு எத்தனை முறை உணவு கொடுக்கிறீர்கள், ஃபாதர்?"

"கேட்கும்போதெல்லாம்."

"எத்தனை மணிக்கு வெளியே விடுகிறீர்கள்?"

"நேரம் கிடைக்கும்போது."

அவர் புன்னகைத்தார். "குட்டிக்குக் கடிகாரம் பார்க்கத் தெரியாது. உங்கள் இல்லத்தில் அதற்குக் கடிகாரம் யார்?" என்று கேட்டார்.

விடை சொல்ல எனக்குத் தெரியவில்லை. பெயர் என்னவோ மணி; அதற்கு மணி பார்க்கத்தான் ஒருவருமில்லை.

குட்டியின் இயற்கை

நாய் இயல்பாகவே தூய்மையை விரும்பும் உயிர் என்பதை அன்று மருத்துவர் எனக்கு விளக்கினார். பிறந்த குட்டிக்குத் தானாக மலசலம் கழிக்க இயலாது. தாய்நாய் தன் நாவினால் வயிற்றையும் பின்புறத்தையும் நக்கித் தூண்டிவிட்டு, வெளிவருவதைத் தானே துப்புரவு செய்துவிடுகிறது. மூன்று வாரம் ஆகிக் கால்கள் உறுதி பெற்றவுடனே, குட்டி தான் படுக்கும் இடத்தைவிட்டுத் தள்ளாடித் தள்ளாடி விலகிச் சென்று கழிக்கத் தொடங்குகிறது. படுத்த இடத்தையும் உண்ட இடத்தையும் அசுத்தப்படுத்தலாகாது என்ற பாடத்தை நாம் அதற்குக் கற்பிக்க வேண்டுவதில்லை. அது தாயிடமே கற்று வருகிறது. "இந்த வீடு முழுவதும் உன் படுக்கையே" என்பதை மட்டுந்தான் நாம் கற்பிக்க வேண்டும்.

அதனாலேயே குட்டியை எட்டு வாரமேனும் தாயோடு விட்டுவைக்க வேண்டும் என்கின்றனர். எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்றலாகாது என்று நடுவண் அரசின் 2017ஆம் ஆண்டு விதிகளும் கூறுகின்றன. ஐந்து வாரத்தில் பிரித்தெடுத்த குட்டி, பாதிப் பாடத்தில் பள்ளியைவிட்டு நிறுத்தப்பட்ட பிள்ளையைப் போன்றது.

இரண்டாவதாக, குட்டியின் சிறுநீர்ப்பை மிகச் சிறியது. எத்தனை மாத வயதோ அதனுடன் ஒன்றைக் கூட்டினால், பகற்பொழுதில் அது ஏறத்தாழ எத்தனை மணி நேரம் அடக்கும் என்று தெரிந்துவிடும். இரண்டு மாதக் குட்டிக்கு அதிகம் போனால் மூன்று மணி நேரம். விளையாடிக்கொண்டிருந்தால் அதுவும் இல்லை. முழுமையான கட்டுப்பாடு அமைவதற்கு ஐந்தாறு மாதங்கள் ஆகும். இரண்டு வயதுக் குழந்தையை நாம் அடிப்பதில்லை. இரண்டு மாதக் குட்டியை மட்டும் ஏன் அடிக்கிறோம்?

இரண்டு இடங்கள்

மருத்துவரின் சொற்படி, வீடு திரும்பியவுடன் இரண்டு இடங்களை வரையறுத்தோம். ஒன்று படுக்கும் இடம். மற்றொன்று கழிக்கும் இடம்.

படுக்கைக்கு ஒரு பழைய மரப்பெட்டியின் முன்பலகையை நீக்கிவிட்டு, மடித்த சாக்கையும் அதன்மேல் பழைய துணியையும் விரித்தோம். குட்டி நின்று, திரும்பி, காலை நீட்டிப் படுக்கும் அளவு இடம் போதும். மிகப் பெரிதாக இருந்தால் ஒரு மூலையில் படுத்து மறுமூலையில் கழித்துவிடும். பெட்டியைக் காற்றோட்டமான நிழலில், மனிதர் நடமாடும் இடத்திலேயே வைத்தோம். தண்டனைக்காகக் குட்டியை அதில் அடைத்தல் கூடாது; வெயிலில் சங்கிலியால் கட்டிப்போடுதல் அதனினும் தவறு.

கழிக்கும் இடத்திற்குத் தோட்டத்தில் வேப்பமரத்தின் கீழ் மணற்பாங்கான ஒரு மூலையைத் தெரிந்தெடுத்தோம். நாள்தோறும் அதே வாசல் வழியாக, அதே மூலைக்கு அழைத்துச் சென்றோம். தன் வாசனை முன்பே பதிந்திருக்கும் இடத்தையே நாய் மீண்டும் நாடும். அங்கே போய் நின்றதும் "போய்ட்டு வா" என்ற ஒரே சொல்லை மெதுவாகச் சொல்வேன். குட்டி கழித்து முடித்த அந்த நொடியிலேயே "நல்ல பிள்ளை" என்று தடவிக் கொடுத்து, அவித்த கோழிக்கறியில் நகமளவு துண்டு ஒன்றைக் கொடுப்பேன். வீட்டிற்குள் வந்த பிறகு கொடுத்தால், வீட்டிற்குள் வந்ததற்கே பரிசு என்று அது எண்ணிக்கொள்ளும். பாராட்டு, செயலின் சூடு ஆறுமுன் கிடைக்க வேண்டும்.

எப்பொழுதெல்லாம் அழைத்துச் செல்ல வேண்டும்? உறங்கி எழுந்தவுடன், உண்டு முடித்த பத்து முதல் முப்பது நிமிடங்களுக்குள், விளையாடி முடித்தவுடன், படுக்கப் போகுமுன். இவற்றிற்கு இடையிலும் பகலில் இரண்டு மணிக்கு ஒரு முறை. தரையை மோந்துகொண்டே வட்டமிடத் தொடங்கினால், நேரம் பார்க்காமல் உடனே தூக்கிச் செல்ல வேண்டும்.

மாடி வீடுகளில் வாழ்வோர்க்கு மண்தரை கிட்டாது. அவர்கள் குளியலறையின் ஒரு மூலையிலோ பின்கட்டிலோ ஒரு தட்டில் மணலையேனும் பழைய நாளிதழையேனும் பரப்பி, அந்த இடத்தை மாற்றாது வைத்திருக்கலாம். ஆனால் குட்டிப் பருவத்தில் எதன்மேல் கழித்துப் பழகுகிறதோ அதையே நாய் பின்னாளிலும் தேடும். நாளிதழில் பழகிய நாய், நீங்கள் படித்துவிட்டுத் தரையில் வைத்த நாளிதழையும் விட்டுவைக்காது.

உணவுக்கு ஒரு நேரம்

உள்ளே போவதற்கு நேரம் இருந்தால் வெளியே வருவதற்கும் நேரம் அமையும். இரைப்பையில் உணவு விழுந்தவுடன் பெருங்குடல் அசையத் தொடங்குகிறது. குட்டிகளிடம் இது மிக விரைவாக நிகழும். நாள் முழுவதும் கொறிக்கக் கொடுத்தால் நாள் முழுவதும் கழிக்கும். ஆகவே கழிக்கும் ஒழுங்கைக் கற்பிக்க விரும்புவோர் முதலில் உண்ணும் ஒழுங்கை ஏற்படுத்த வேண்டும்.

இரண்டு மாதம் முதல் மூன்று மாதம் வரை நாளொன்றுக்கு நான்கு வேளை. மூன்று முதல் ஆறு மாதம் வரை மூன்று வேளை. அதன்பின் இரண்டு வேளை. எங்கள் இல்லத்தில் காலை 7 மணி, நண்பகல் 12, மாலை 4, இரவு 8 என்று வகுத்துக்கொண்டோம். தட்டை வைத்துப் பதினைந்து அல்லது இருபது நிமிடங்களில் எடுத்துவிட வேண்டும். மீதம் வைத்தாலும் மறுவேளை வரையில் வேறொன்றும் கொடுக்கலாகாது. எறும்பும் ஈயும் மொய்க்காதிருக்கவும் இதுவே வழி. பீடச் சிறுவர்களின் பிஸ்கட்டுகளுக்குத் தடை விதிக்கப்பட்டது. சட்டத்தை முதலில் மீறியவன் நானே, குசினிக்காரர் கண்டுபிடித்துவிட்டார்.

ரஷ்ய நாட்டு அறிஞர் இவான் பாவ்லாவ் நாய்களின் செரிமானத்தை ஆராய்ந்து 1904ஆம் ஆண்டில் மருத்துவத்திற்கான நொபேல் பரிசு பெற்றார். உணவைக் கண்டதும் நாயின் வாயில் உமிழ்நீர் சுரப்பது இயற்கை. ஆனால் உணவுக்கு முன்னர் ஒவ்வொரு முறையும் ஓர் ஒலியைக் கேட்டுப் பழகிய நாய்க்கு, அந்த ஒலியைக் கேட்ட மாத்திரத்திலேயே உமிழ்நீர் சுரப்பதை அவர் எடுத்துக்காட்டினார். குருமடத்தில் நான் இதை ஏட்டில் படித்தேன். பங்கு இல்லத்தில் கண்ணால் கண்டேன். மூன்றாம் வாரத்தில், கோவிற்பிள்ளை நண்பகல் மூவேளைச் செப மணியை அடித்த அளவில், மரப்பெட்டியிலிருந்து எழுந்த குட்டி நேராகக் குசினி வாசலில் சென்று அமர்ந்தது. "நம்ம ஆளுகளைவிட இது ஒழுங்கா மணிக்கு வருது" என்றார் குசினிக்காரர். தாம் வெளியேறப் போவதாகச் சொன்னதை அவர் அப்போதே மறந்துவிட்டார்.

தட்டில் என்ன இருக்க வேண்டும்?

புதிய வீட்டிற்கு வந்த குட்டிக்கு முதற் சில நாட்கள், முன்பு எதை உண்டதோ அதையே கொடுக்க வேண்டும். மாற்ற விரும்பினால் ஒரு வார காலத்தில் பழையதைக் குறைத்துப் புதியதைக் கூட்டி வரவேண்டும். திடீர் மாற்றம் வயிற்றைக் கெடுக்கும். வயிறு கெட்டால் பழக்கமும் கெடும்.

பசும்பால் குட்டிக்கு அமுதம் என்ற எண்ணம் நம்மிடையே வேரூன்றியுள்ளது. தாய்ப்பாலை மறந்த குட்டிகள் பலவற்றிற்குப் பாலிலுள்ள சர்க்கரையைச் செரிக்கும் ஆற்றல் குறைந்துவிடும்; விளைவு வயிற்றுப்போக்கு. முதல் வாரத்தில் நான் துடைத்தவற்றுள் பாதி, நானே ஊற்றிய பாலின் பயன். சிறிதளவு தயிர் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும். ஆனால் தயிர்ச்சோறு மட்டுமே உண்டு வளரும் குட்டிக்குப் புரதம் போதாது. குழைய வேகவைத்த சோறு அல்லது கேழ்வரகுக் கூழுடன், அவித்த முட்டை, எலும்பு நீக்கிய கோழி அல்லது முள் நீக்கிய மீன், வேகவைத்த பூசணி, காரட் ஆகியவற்றைச் சேர்க்கலாம். உப்பும் காரமும் வேண்டா. கறியும் சோறும் மட்டுமே கொடுத்துவந்தால் சுண்ணாம்புச் சத்துக் குறைந்து வளரும் எலும்பு வலுவிழக்கும்; கால்கள் வளையும். ஆகவே வீட்டுச் சமையலோடு என்ன சேர்க்க வேண்டும் என்பதை மருத்துவரிடம் கேட்டுக்கொள்க. வசதியுடையோர் குட்டிகளுக்கென்றே விற்கப்படும் உணவை, உறையில் குறித்த அளவின்படி கொடுக்கலாம். விலா எலும்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும். கண்ணுக்குத் துருத்தித் தெரியலாகாது. அளவு சரியா என்பதற்கு இதுவே எளிய சோதனை.

கொடுக்கக் கூடாதவற்றைத் தாய்மார்கள் அடுக்களைச் சுவரில் எழுதி ஒட்டிவைப்பது நன்று. வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். நமது சாம்பாரிலும் குழம்பிலும் இவை இல்லாத நாளுண்டோ? திராட்சையும் உலர்ந்த திராட்சையும் சிறுநீரகத்தைப் பாதிக்கும். சாக்லேட் இதயத்தையும் நரம்பையும் தாக்கும். சைலிட்டால் என்னும் இனிப்புச் சேர்ந்த மிட்டாயும் பற்பசையும் நஞ்சு. சமைத்த கோழியெலும்பு ஊசிபோல் பிளந்து குடலைக் குத்தும். கிறிஸ்மஸ் இரவில் விருந்தினர் அன்பு மிகுதியால் எறியும் எலும்பும் கேக்கும் மறுநாள் மருத்துவரைத் தேடி ஓடவைக்கும்.

தூய நீர் பகல் முழுவதும் எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். படுக்கப் போவதற்கு ஒரு மணி நேரம் முன்பு கிண்ணத்தை எடுத்துவிடலாம். கோடை இரவுகளில் அதையும் செய்ய வேண்டா.

இரவும் தவறும்

இரவில் அழும் குட்டி தாயைத் தேடி அழுகிறது. முதற் சில இரவுகள் பெட்டியை என் கட்டிலருகே வைத்துக்கொண்டேன். கையைத் தொங்கவிட்டால் மோந்து பார்த்துவிட்டு உறங்கிவிடும். பத்தரை மணிக்கு ஒரு முறை வேப்பமரத்தடி. அலாரம் வைத்து இரண்டு மணிக்கு ஒரு முறை. விடியற்காலை ஐந்தரைக்கு மீண்டும். இரண்டு மணிப் பயணத்தில் விளையாட்டும் பேச்சும் இல்லை, விளக்கையும் ஏற்றுவதில்லை. சென்று வந்தவுடன் உறக்கம். மூன்று மாதம் நிறைந்தபோது அந்த இரண்டு மணி அலாரம் தேவைப்படவில்லை.

இத்தனைக்குப் பின்னும் தவறு நேரும். உள்ளே கழித்துக்கொண்டிருக்கும்போதே கண்டால், கையை ஒரு முறை தட்டி அதன் கவனத்தைத் திருப்பி, உடனே வெளியே தூக்கிச் செல்லுங்கள். பிறகு கண்டுபிடித்தால், துடைத்துவிட்டுப் பேசாதிருங்கள். கழித்துவிட்டுப் போன செயலையும், சற்று நேரம் கழித்து விழும் அடியையும் இணைத்துப் பார்க்கும் அறிவு குட்டிக்கு இல்லை. "இந்த மனிதர் வரும்போது அடி விழும்" என்பது ஒன்றே அதற்குப் புரியும். அதன்பின் அது நம் கண்முன் கழிக்க அஞ்சி, கட்டிலின் அடியிலும் அலமாரியின் பின்னாலும் ஒளிந்து கழிக்கும். என் காலடியோசை கேட்டு மணி சிறுநீர் கழித்தது பிடிவாதத்தினால் அன்று, அச்சத்தினால் என்பதை மருத்துவர் சொன்னபோது, சுருட்டிய நாளிதழை நினைத்து நாணினேன். மீண்டும் அது என்னை நோக்கி வாலாட்டி வருவதற்குப் பத்து நாட்கள் ஆயின.

துடைப்பதிலும் ஒரு முறை உண்டு. வெறும் நீரால் துடைத்தால் வாசனை நமக்குத்தான் மறையும். நாயின் மூக்கிற்கு மறையாது. முதலில் பழைய துணியால் ஒற்றியெடுத்துவிட்டு, சோப்பு நீரால் கழுவி, வினிகரைச் சம அளவு நீரில் கலந்து துடைத்து உலரவிடுக. அம்மோனியா கலந்த துப்புரவு நீர்மங்கள் சிறுநீரின் வாசனையையே ஒத்திருப்பதால் குட்டியை மீண்டும் அவ்விடத்திற்கே அழைக்கும். பினாயில் குட்டியின் பாதத்தில் ஒட்டி நாவிற்குச் சென்றால் தீங்கு விளைக்கும்.

நன்கு பழகிய குட்டி திடீரென்று தவறத் தொடங்கினால், அதைக் குற்றமாகக் கருதாமல் நோயாகக் கருதுங்கள். சிறுநீர்த் தொற்றோ குடற்புழுவோ காரணமாயிருக்கலாம். வாந்தியும் இரத்தம் கலந்த வயிற்றுப்போக்கும் கண்டால் ஒரு மணி நேரமும் தாமதிக்கலாகாது. 1978ஆம் ஆண்டு முதல் உலகெங்கும் பரவிய பார்வோ என்னும் நச்சுயிரி குட்டிகளைச் சில நாட்களிலேயே கொன்றுவிடும். அது மண்ணில் பல மாதங்கள் உயிர்த்திருக்கும். எனவே தடுப்பூசிகள் முடியும் வரையில் தெருவோரத்திற்கு அழைத்துச் செல்லாமல் நம் சொந்தத் தோட்ட மூலையையே பயன்படுத்த வேண்டும். ஆறு முதல் எட்டு வாரத்தில் முதல் ஊசி. பின்பு நான்கு மாதம் நிறையும் வரை மூன்று அல்லது நான்கு வாரங்களுக்கு ஒரு முறை. மூன்று மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி. உருண்டைப் புழு தாயின் வயிற்றிலேயே குட்டிக்குத் தொற்றிவிடுகிறது. குட்டியின் மலத்தின் வழியாகக் குழந்தைகளுக்கும் பரவக்கூடும். ஆகையால் மருத்துவர் சொல்லும் கால அளவுகளில் புழு மருந்து கொடுப்பதும், மலத்தை அன்றன்றே அள்ளிப் புதைப்பதும், பிள்ளைகள் கை கழுவுவதும் ஒரே ஒழுங்கின் பகுதிகள். விளையாட்டாகக் கடித்தாலும் கீறினாலும் அவ்விடத்தைச் சோப்பிட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடங்கள் கழுவிவிட்டு மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

திண்ணையில் இருந்த கடிகாரம்

ஐந்து வாரங்கள் கடந்தன. சிறுமி சொன்ன சொல் தவறாமல் நாள்தோறும் மாலை நான்கு மணித் தட்டை வைக்க வந்தாள். ஒரு நாள் அவளுடைய தந்தையும் உடன் வந்தார். மணி வாசலுக்குச் சென்று நின்று, என்னைத் திரும்பிப் பார்த்து, கதவைத் திறந்தவுடன் வேப்பமரத்தடிக்கு ஓடி, வேலையை முடித்துத் திரும்பி வந்ததை அவர் கண்டார்.

"அதே குட்டியா சாமி இது?" என்றார்.

"அதே குட்டிதான். கடிகாரம் மட்டும் மாறியிருக்கிறது" என்றேன்.

அவர் நெடுநேரம் பேசாதிருந்தார். பின்பு, "எங்க வீட்டுல நேரத்துக்குப் பார்க்க ஆள் யாரு சாமி இருக்கா?" என்றார். அது சாக்கு அன்று, உண்மையான கேள்வி. ஆளில்லாத வீட்டிற்குக் குட்டியை அனுப்புவது மீண்டும் சந்தைக்கே அனுப்புவதாகும். அப்போதுதான் சிறுமி, "தாத்தா இருக்காங்களே" என்றாள்.

மறுநாள் அவர்கள் வீட்டுத் திண்ணைக்குச் சென்றேன். முதியவர் சுவர்க் கடிகாரம் தெரியும்படி சாய்ந்து அமர்ந்திருந்தார். முன்பு அவரும் ஆலைத் தொழிலாளிதான். சங்கொலிக்கு எழுந்து சங்கொலிக்கு உறங்கியவர். மூட்டு வலியால் நடை தளர்ந்ததே தவிர, கண்ணும் கருத்தும் தெளிவாகவே இருந்தன. செய்தியைச் சொன்னேன். "ஓடியாடத்தான் முடியாது சாமி. மணி பார்க்க எனக்குத் தெரியாதா?" என்றார். சிறுமி தன் ஏட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, உணவு வேளைகளையும் வெளியே விடும் வேளைகளையும் பெரிய எழுத்தில் எழுதித் திண்ணைச் சுவரில் ஒட்டினாள். மூன்று மாதம் கடந்துவிட்டபடியால் உணவு இப்போது மூன்று வேளைதான். பின்வாசல் திண்ணையிலிருந்து நான்கே எட்டு. காலையில் மகள், இரவில் தந்தை அல்லது தாய், பகல் முழுவதும் தாத்தா என்று முடிவாயிற்று.

முதல் இரண்டு நாட்களும் மணி அவ்வீட்டினுள் அசுத்தம் செய்தது. சிறுமி அழுதுகொண்டு ஓடி வந்தாள். ஓரிடத்தில் கற்றதை மற்றோரிடத்திற்குப் பொருத்திப் பார்க்க நாய்க்குச் சில நாட்கள் வேண்டும் என்று சொல்லி அனுப்பினேன். தோட்டத்து மணலில் ஒரு கைப்பிடி அள்ளிக் கொடுத்தேன். அதை அவர்கள் பின்கட்டு மூலையில் தூவினர். நான்காம் நாள் முதல் குறையில்லை.

சென்ற முறை வீடு மந்திரிக்கச் சென்றபோது கண்டேன். மணி பெரிய நாயாகத் திண்ணையில் படுத்திருந்தது. சுவரில் ஒட்டிய தாள் மஞ்சளித்துவிட்டது. இப்போது அதற்கு இரண்டே வேளை உணவு. பேசிக்கொண்டிருந்த முதியவர் ஒரு முறை சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். அவர் வாய் திறக்குமுன் மணி எழுந்து பின்வாசலை நோக்கி நடந்தது. "இவன் இருக்குறதாலதான் சாமி, வீட்டுல எல்லாரும் என்கிட்ட மணி கேட்குறாங்க" என்றார் அவர்.

பெற்றோர்களே, பிள்ளைகள் கேட்கிறார்கள் என்பதற்காக மட்டும் குட்டியை வாங்கிவிடாதீர்கள். நாட்டு நாயோ, ராஜபாளையமோ, சிப்பிப்பாறையோ எதுவாயினும் சரி, முதலில் மருத்துவர் கேட்ட அந்தக் கேள்வியை உங்கள் வீட்டாரைக் கூட்டி வைத்துக் கேளுங்கள்: "நம் வீட்டில் குட்டிக்குக் கடிகாரம் யார்?" விடை கிடைக்கவில்லையெனில் காத்திருங்கள். கிடைத்துவிட்டால் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டுக் குட்டியை அழைத்து வாருங்கள்.